‘தெளிவற்ற தர்க்கம்’ அன்று, மயங்கெல்லை ஏரணம்

காரைக்குடியில் கல்லூரி மாணவர் ஒருவர், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளுக்கு விருந்தினர் இணையத்தில் இட்ட நட்சத்திர மதிப்பீடுகளைத் தரம் பிரிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, விடுதிக்காரர்கள் முன்னிலையில் விளக்கினார். திரையில் முதல் வரியே, ஆங்கிலத்தில் ‘ஃபஸி லாஜிக்’ எனப்படும் முறையின் பெயராக, ‘தெளிவற்ற தர்க்கம்’ என்று இருந்தது. பற்று வரவை அரைக்காசு பிசகாமல் எழுதிய குடும்பத்தில் வந்த ஆச்சி ஒருவர் எழுந்து, “தெளிவில்லாத கணக்க வச்சா தம்பி எங்க வீட்டுக்குத் தரம் போட்டீக?” என்று கேட்டார். மாணவரால் விடை சொல்ல முடியவில்லை. நிரலில் பிழை ஏதும் இல்லாதபோதும் பெயர் அவரைக் கவிழ்த்துவிட்டது. இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ முறை கேட்டுப் பொறுத்திருக்கிறேன். ஆச்சியின் கேள்விக்குப் பிறகு பொறுக்க மனமில்லை.

‘ஃபஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பஞ்சுப் பிசிறு, மென்மயிர் என்பது பொருள்; அதிலிருந்து ‘ஓரம் துலங்காத’ என்னும் பொருளில் ‘ஃபஸி’ வந்தது. அஜர்பைஜானின் பாகு நகரில் பிறந்து அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லோத்ஃபி சாதே, 1965-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அச்சொல்லைக் கணங்களுக்கு, அதாவது ஒரு வகையில் சேரும் உருப்படிகளின் தொகுப்புகளுக்கு, அடைமொழியாக்கினார். ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயிலை 1987 முதல் இந்தக் கணக்குமுறை இயக்கியது. நம் வீடுகளுக்கோ இச்சொல் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒட்டிய விளம்பரச் சீட்டாகத்தான் வந்து சேர்ந்தது.

மாணவரின் நிரல் செய்தது இவ்வளவே. வழக்கமான நிரலில் சராசரி மதிப்பீடு 4-ஐத் தொட்டால் ‘நன்று’, தொடாவிட்டால் ‘சுமார்’ என்று ஒரு கோடு கிழிப்பார்கள்; 3.9 பெற்ற வீடும் 4.0 பெற்ற வீடும் வேறு வேறு சாதியாகிவிடும். இவரோ 3.5 வரை முழுச் ‘சுமார்’ என்றும், 4.5 முதல் முழு ‘நன்று’ என்றும் வைத்து, இடைப்பட்ட பகுதியில் ஒன்று சரியச் சரிய மற்றொன்று ஏறும்படி அமைத்தார். மதிப்பீட்டிலிருந்து 3.5-ஐக் கழித்தால் நன்றின் அளவு கிடைத்துவிடும். ஆகவே 3.9 பெற்ற ஆச்சியின் வீடு 0.4 அளவுக்கு நன்று, 0.6 அளவுக்குச் சுமார், 4.0 பெற்ற அடுத்த வீடு இரண்டிலும் 0.5. இது, பத்தில் நான்கு முறை நன்றாக இருக்கும் என்னும் நிகழ்தகவு ஆகாது. அந்த வீடு அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்னும் அளவு. ‘மதிப்பீடு நன்று, மதிப்பிட்டோர் பலர்’ என்று இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தால் இரண்டு அளவுகளில் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் எந்த அடியாவது தெளிவில்லாமல் இருக்கிறதா? தம் ஏரணம் (தர்க்கம்) மங்கலானது அன்று என்று சாதேயே 2008-இல் விளக்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பெயர் செய்த கெடுதலை அவர் அங்கே துடைத்துக்கொண்டிருக்க, நாம் இங்கே அதே கெடுதலைத் தமிழில் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

‘மங்கல் தர்க்கம்’ என்பாரும் உண்டு. அங்கும் மங்குவது தர்க்கமாகவே நிற்கிறது. ‘குழப்பத் தர்க்கம்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘பிசிறு’ மூலச் சொல்லுக்கு நெருக்கமானது, கண்டாங்கிச் சேலையின் ஓரத்தையும் நினைவூட்டும். ஆனால் பிசிறில்லாமல் பாடினார் என்று பாராட்டும் மொழியில் பிசிறு குறையைத்தான் குறிக்கும். எனக்கு உவப்பான வேர் ‘மயங்கு’. கலத்தல் என்னும் பொருளில் இலக்கணம் அதை ஆண்டிருக்கிறது: ‘திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே’ என்கிறது தொல்காப்பியம். திணைகள் ஒன்றோடொன்று கலக்கலாம் என்று சொன்ன அந்த நூற்பாவை யாரும் தெளிவற்றது என்று சொன்னதில்லை. ஆயினும் ‘மயக்க ஏரணம்’ என்றால் இன்றைய வாசகர் தலைசுற்றலை நினைப்பார். எனவே மயங்குவது எது என்பதைப் பெயருக்குள்ளேயே சொல்லிவிடுவது நல்லது: மயங்கெல்லைக் கணம், மயங்கெல்லை ஏரணம். கோடு கிழித்துப் பிரிக்கும் பழைய வகையை வரையெல்லைக் கணம் எனலாம். தருக்கம் என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. ‘தருக்கு’ என்றால் செருக்கு என்பதால் ஏரணத்தின் பக்கம் சாய்கிறேன். தனித்தமிழ் வெறி என்று யாரும் சொல்ல வேண்டாம். ‘சுமார்’ பாரசீகச் சொல் என்று தெரிந்தே மாணவரின் நிரலில் அதை அப்படியே விடச் சொன்னேன். எண்ணிக்கை என்று பொருள்பட்ட அது தமிழுக்கு வந்து ‘ஏறத்தாழ’ ஆனது, அதுவும் ஒரு மயக்கந்தான்.

இதைவிட மோசம், ஓர் உருப்படி கணத்தில் எவ்வளவு சேரும் என்று கணிக்கும் ‘மெம்பர்ஷிப் ஃபங்ஷன்’ என்னும் சார்பை ‘உறுப்பினர் செயல்பாடு’ என்று பெயர்ப்பது. கூட்டுறவுச் சங்கத்துப் பேரவைக் கூட்டம் நடக்கிறது என்று எண்ணத் தோன்றும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கணமும் உறுப்பும் சார்பும் பல்லாண்டுகளாக இருக்கின்றன. அதைப் புரட்டாமல் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுபவர்களால் வரும் வினை இது. ‘உறுப்புமைச் சார்பு’ என்றால் போதும்.

மாணவர் இப்போது தலைப்பை மாற்றி, “நன்று என்னும் மயங்கெல்லைக் கணத்தில் உறுப்புமை 0.4” என்று எழுதிக் காட்டியிருக்கிறார். ஆச்சிக்குச் சொல் பிடித்துவிட்டது, எண் பிடிக்கவில்லை. மதிப்பிட்டோர் சிலரே என்பதால் ‘பலர்’ 0.3 தான் தேறுகிறது, சிறியதை எடுத்தால் முடிவும் 0.3 ஆகிவிடும் என்பதை மாணவர் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.