சைரன் கேக்குது, ஆனா முன்னாடியா பின்னாடியா?

சிங்கப்பூர்ல பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல போய்க்கிட்டு இருக்கும்போது எங்கயோ சைரன் கேட்டா பாதிப் பேர் சடார்னு பிரேக்க மிதிப்பாங்க, மீதிப் பேர் தலைய இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பி எங்கேருந்து வருதுன்னு தேடுவாங்க. ரெண்டாவது கோஷ்டிய நான் திட்ட மாட்டேன், நம்ம காது வேல செய்யுற விதமே அப்படி.

சத்தம் எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க மூளை முக்கியமா ரெண்டு விஷயத்தப் பாக்குது: எந்தக் காதுக்கு முதல்ல வந்துச்சு, எந்தக் காதுல கூடக் கேக்குது. சத்தம் நேரா பக்கவாட்டுல இருந்து வந்தாக்கூட ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்குற நேர வித்தியாசம் சுமார் 0.6 மில்லிசெகண்ட்தான், அதையும் மூளை புடிச்சிடும். ஆனா ஆம்புலன்ஸ் பெரும்பாலும் நமக்கு நேர் பின்னாடிதானே வருது? அப்போ ரெண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. நேர் முன்னாடி இருந்து வந்தாலும் அதே கதைதான். வெட்டவெளியில காது மடலோட வடிவமும், தலைய லேசாத் திருப்புறதும் இந்தக் குழப்பத்தத் தீத்து வச்சிடும், காருக்குள்ள அதுவும் சரியா நடக்காது, ஏன்னா கண்ணாடிய ஏத்தி ஏர்கான் போட்டு ஒலி 96.8 ரேடியோவும் ஓடிட்டு இருக்கும்போது சத்தம் நாலு பக்கக் கண்ணாடி வழியாவும் கசிஞ்சுதான் உள்ள வருது. ரெண்டு பக்கமும் வீவக அடுக்குமாடி புளோக் இருந்தா எதிரொலி வேற. கேபிஇ எக்ஸ்பிரஸ்வே சுரங்கத்துக்குள்ள சொல்லவே வேணாம்.

கிட்ட வர வர சுருதி ஏறும்னு ஸ்கூல்ல டாப்ளர் பாடத்துல படிச்சதா சில பேர் சொல்வாங்க, அது தப்பு. ஒரே வேகத்துல நேரா நம்மள நோக்கி வர்ற வண்டியோட சுருதி ஏறிக்கிட்டே போகாது, கொஞ்சம் உயர்ந்த நிலையிலேயே இருந்து நம்மளத் தாண்டும்போதுதான் இறங்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல அந்த உயர்வு சுமார் 5 சதவீதம், சைரனே ஏறி இறங்கிக் கத்தும்போது அதை யாரு கவனிக்கப் போறா. அதனால காத நம்பாதீங்க, கேட்ட உடனே பின்னாடி பாக்குற மூணு கண்ணாடியையும் பாருங்க.

இப்ப அந்த முதல் கோஷ்டிக்கு வருவோம். நீங்க 70-ல போறீங்க, ஆம்புலன்ஸ் 100-ல 100 மீட்டர் பின்னாடி வருதுன்னு வச்சுக்குங்க. வித்தியாசம் 30 கிலோமீட்டர், அதாவது செகண்டுக்கு 8 மீட்டர் சொச்சம், உங்ககிட்ட வர 12 செகண்ட் ஆகும். சிக்னல் போட்டு, இடது லேன்ல இடம் இருக்கான்னு பாத்து, நிதானமா ஒதுங்க அது தாராளம். அதே 100 மீட்டர்ல நீங்க நின்னுட்ட காரா இருந்தா? 4 செகண்டுக்குள்ள வந்துடும். பிரேக் போட்டு நீங்க அவனுக்கு வழி விடல, உங்க நேரத்தையும் அவன் நேரத்தையும் சேத்துத் தின்னுட்டீங்க. ஆம்புலன்ஸுக்குள்ள பின்பக்கம் ஒரு பேராமெடிக் ஒரு கைய எங்கயாவது புடிச்சுக்கிட்டு நோயாளிய கவனிச்சுட்டு இருப்பாரு, டிரைவர் பிரேக் அடிச்சா அவரு போய் முட்டுறது அலமாரியிலதான்.

நம்ம ஊர்ல பழக்கம் இடது பக்கம் ஒதுங்குறது, வலது ஓரம் காலியாகும். ஜாம்ல அதுவும் முடியலன்னா அவசர வண்டிங்க ரோட்டோர ஷோல்டர்ல வரும், அதனால அவசரத்துல ஷோல்டருக்குள்ள பாயாதீங்க. இடது லேன்ல இருக்குறவங்களுக்கும் வேல இருக்கு, முன்னாடி கார ஒட்டிக்கிட்டே நின்னா வலது லேன்காரன் எங்க நுழைவான், கொஞ்சம் இடைவெளி விடுங்க சார்.

ஜங்ஷன்தான் நிஜமாவே பயம். சைரன் ஸ்பீக்கர் முன்னாடி பாத்து இருக்குறதால நேர் எதிர்ல, அதே ரோட்டுல இருக்குறவங்களுக்குத்தான் நல்லா கேக்கும், குறுக்கு ரோட்டுல பச்சைல வர்றவனுக்கு கட்டடம் மறைச்சிருக்கும், திருப்பத்துல வந்தப்புறம்தான் சத்தம் முழுசாப் போய்ச் சேரும். அதனாலதான் ஜங்ஷன் வரும்போது பல டிரைவருங்க நீட்டி இழுக்குற சத்தத்த வேகமாத் துடிக்கிற சத்தத்துக்கு மாத்துவாங்க. அதக் கேட்டா உங்களுக்குப் பச்சையா இருந்தாலும் வேகத்தக் குறைங்க, ஜங்ஷன் நடுவுல இருக்குற மஞ்சள் கட்டத்துல போய் மாட்டிக்காதீங்க. உங்களுக்குச் சிவப்புன்னா பின்னாடி ஹாரன் கேட்டாலும் கண்ண மூடிக்கிட்டு நடுவுல பாயாதீங்க.

ஒரு வண்டி தாண்டிருச்சுன்னு உடனே பழைய லேனுக்குத் திரும்பிடவும் கூடாது. தீ விபத்துன்னா தீயணைப்பு வண்டி தனியா வராது, பின்னாலயே ரெட் ரைனோங்குற சின்ன தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ்னு வரிசையா வரலாம், ரெண்டு சைரன் ஒண்ணா ஒலிக்கும்போது காதுக்கு அது ஒரே வண்டியாப் படலாம், அப்பவும் கண்ணாடிதான்.