சிஎம்வி: பெருங்கல நச்சுயிரி

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை முடிந்த குழந்தையின் பெற்றோர் வாராவாரம் பயந்துகொண்டே எதிர்பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவு ‘சிஎம்வி’ என்ற வைரஸுக்கானது. பாசிட்டிவ் என்றதும், “நான் கையைச் சரியாகக் கழுவவில்லையோ? யார் மூலம் வந்திருக்கும்?” என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

முழுப்பெயர் சைட்டோமெகலோவைரஸ். கிரேக்கத்தில் ‘கைட்டோஸ்’ என்றால் உட்குழிவான பாத்திரம்; ‘மெகாஸ்’ என்றால் பெரிய. லத்தீனில் ‘வைரஸ்’ என்றால் நஞ்சு. இது புகுந்த செல் வீங்கிப் பெரிதாகும். நுண்ணோக்கியில் ஆந்தைக் கண்போலத் தெரியும். முன்பு உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸ் என்றார்கள். இன்றைய பெயரை 1960இல் முன்வைத்தவர்களில் ஒருவர் தாமஸ் வெல்லர், போலியோ ஆய்வுக்காக 1954இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

தமிழில் என்ன சொல்லலாம்? செல்லை இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. கலம் என்றாலும் பாத்திரம்தானே! கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான தமிழ் கைவசம் இருக்கிறது. ‘கலப்பெருக்க வைரஸ்’ என்றால் எண்ணிக்கை கூடுவதுபோல ஆகிவிடும். இங்கே கூடுவது அளவு. அதனால் ‘பெருங்கல நச்சுயிரி’ என்பதே சரி என்று நினைக்கிறேன்.

ஆனால் பெற்றோருக்கு இதைவிட முக்கியமான சொல் ஒன்று உண்டு. மருத்துவர்கள் ‘ரீஆக்டிவேஷன்’ என்பார்கள், ‘மீளெழுச்சி’ எனலாம். இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே எச்சில், தாய்ப்பால் வழியாக வந்து, எந்த அறிகுறியும் காட்டாமல் உடலிலேயே ஆயுளுக்கும் தங்கிவிடும். அதை அடக்கி வைத்திருப்பவை டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள். மாற்றுச் சிகிச்சைக்கு முன் தரும் கடும் மருந்துகளில் அந்தக் காவல் அழிகிறது. புதிய டி செல்கள் தேறி வரப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் உறங்கியது விழிக்கிறது. சில சமயம் கொடையாளரின் செல்களோடும் வரலாம். ஃப்ளூ, ஆர்எஸ்வி போன்ற சுவாச வைரஸ்கள்தான் வெளியிலிருந்து தொற்றுபவை. கை கழுவச் சொல்வது முக்கியமாக அவற்றுக்காக.

வைரஸின் மரபணுவை ரத்தத்தில் தேடி அளக்கும் வாராந்திரப் பிசிஆர் பரிசோதனை எதற்கு என்பது இப்போது புரியும். நுரையீரலையோ குடலையோ தாக்கும் முன்பே, ரத்தத்தில் வைரஸின் அளவு ஏறும்போதே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். இதை ‘முந்துசிகிச்சை’ எனலாம். வழக்கமான மருந்து கான்சைக்ளோவிர். அப்போதுதான் முளைவிடும் வெள்ளை அணுக்களை அது குறைத்துவிடும் என்பதுதான் சங்கடம். மாற்றாக ஃபாஸ்கார்னெட் இருக்கிறது. அதற்குச் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை ஒடுக்காத லெட்டர்மோவிர் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. அது எழுச்சியைத் தடுக்க முன்கூட்டியே தருவது. அமெரிக்காவில் 2017இல் பெரியவர்களுக்கும், 2024இல் ஆறு மாதம் நிரம்பிய குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது.