லத்தீனோ குடும்பங்களில் சர்க்கரை நோய்த் தடுப்பு: சமையலறையிலிருந்து தொடங்கும் வேலை

சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே அதைத் தடுக்கலாம் என்பதை 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உறுதி செய்தது. 27 மையங்களில், நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் அது நடத்தப்பட்டது. உணவிலும் உடற்பயிற்சியிலும் பயிற்சி பெற்றவர்களிடம் புதிதாக நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதமே குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் ஒவ்வொருவரையும் கவனிக்கத் தனித்தனியாக ஒரு பயிற்சியாளர் இருந்தார். வருமானம் குறைவான, ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களுக்கு இதே பலனைக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் அதன் பிறகு வந்த கடினமான வேலை.

தேவை பெரியது. பிராங்க்ஸ், சிகாகோ, மியாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,415 லத்தீனோ மக்களை, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை, பரிசோதித்த ஆய்வில் 16.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. தென் அமெரிக்க வம்சாவளியினரிடம் இது 10.2 சதவீதம், மெக்சிகோ வம்சாவளியினரிடம் 18.3 சதவீதம். பூர்வீக நாடு மாறினால் தட்டில் இருப்பதும் மாறுகிறது. மெக்சிகோக்காரர் வீட்டில் டோர்ட்டியா ரொட்டி, டொமினிகன் வீட்டில் சோறும் வாழைக்காயும். ஒரே உணவுப் பட்டியலை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுப்பது வீண் வேலை.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும், பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் லத்தீனோ மக்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலினின் கட்டளைக்குப் பணியாமல் இரவெல்லாம் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது; ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்தபின் தளர்கிறது. நோய் வெளிப்படுவது அப்போதுதான். நல்ல செய்தி என்னவென்றால், எடை குறையும்போது முதலில் கரைபவற்றில் கல்லீரல் கொழுப்பும் ஒன்று. அதனால்தான் இலக்கு சிறிதாக இருந்தாலும் பலன் பெரிதாகிறது: உடல் எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தால் போதும். 80 கிலோ எடையுள்ளவருக்கு 4 முதல் 5.6 கிலோ. 2002 ஆய்வின் தரவுகளில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்திருந்தது.

இரண்டாவது இலக்கு வாரத்துக்கு 150 நிமிட வேக நடை. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுக்கிறது. அந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டரை மணி நேரம் நடப்பதைவிட, வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் நடப்பது மேல். இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் திட்டம் ஓராண்டு நீளும்: முதல் ஆறு மாதத்தில் 16 வகுப்புகள், அடுத்த ஆறு மாதத்தில் குறைந்தது ஆறு. பாடம் ஸ்பானிய மொழியிலும் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருப்பவர்கள் சேரலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பெண்களும் சேரலாம். ஒரு எச்சரிக்கை: இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை ஹெச்பிஏ1சி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அப்படிப்பட்ட பெண்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும்.

இந்த வகுப்புகளின் உயிர் ‘ப்ரோமோதோரா’ என்ற சமூக நலப் பணியாளர். அதே தெருவில் வாழ்பவர், அதே மொழி பேசுபவர், பெரும்பாலும் பெண். மருத்துவர் சொல்லத் தவறுவதை இவரால் சொல்ல முடியும். திடீர் அதிர்ச்சியால், அதாவது ‘சுஸ்தோ’வால், சர்க்கரை வந்தது என்று மெக்சிகோ வம்சாவளியினர் பலர் நம்புகிறார்கள். அதைக் கேலி செய்தால் அடுத்த வகுப்புக்கு ஆள் வராது. மன அழுத்தம் சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கல்லீரலில் நடந்ததை விளக்குவதே சரியான வழி.

எங்கள் கருத்தில், பாடத்தைவிட முக்கியம் யாரை அழைக்கிறோம் என்பது. வீட்டில் ஒரே பானையில்தான் எல்லோருக்கும் சமைக்கிறார்கள். சர்க்கரை விளிம்பில் இருக்கும் கணவரை மட்டும் அழைத்து, சமைக்கும் மனைவியையோ மாமியாரையோ விட்டுவிட்டால், அவர் வகுப்பில் கேட்டது வாசலோடு நின்றுவிடும். சமைப்பவர் வந்தால் மாற்றம் அளவில் தெரியும். 355 மில்லி கோலாவில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு இரண்டு என்றால் கிட்டத்தட்ட 300 கலோரி. இதை நிறுத்துவதுதான் முதல் வாரப் பாடமாக இருக்க வேண்டும், ஏனெனில் பசியைக் கூட்டாமல் இவ்வளவு குறைக்கும் வழி வேறு இல்லை. பெரிய மைதா டோர்ட்டியா ஒன்றில் சுமார் 210 கலோரி. சிறிய மக்காச்சோள டோர்ட்டியாவில் 50 முதல் 60. பீன்ஸை மசித்து வதக்கும்போது சேர்க்கும் பன்றிக் கொழுப்பு ஒரு மேசைக்கரண்டிக்கு 115 கலோரி. அதைக் குறைத்து வெங்காயமும் பூண்டும் வதக்கினால் சுவை போகாது. பீன்ஸைக் குறைக்கச் சொல்லவே கூடாது. அரைக் கோப்பையில் ஏழு கிராம் அளவுக்கு நார்ச்சத்து கொடுக்கும் பொருள் அது. சோற்றை ஒரு கோப்பையிலிருந்து அரைக் கோப்பையாக்கி, தட்டில் பாதியைக் காய்கறிக்கு விட வேண்டும். மெக்சிகோக்காரருக்கு நோபாலெஸ் என்ற சப்பாத்திக்கள்ளி மடல் கைக்குப் பழகிய காய்.

தோல்விகளும் வெளிப்படையானவை. வகுப்பை மாலை ஐந்து மணிக்கு வைத்தால் இரண்டாவது வேலைக்குப் போகிறவர் வர மாட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அதே கட்டடத்தில் ஏற்பாடு இல்லையென்றால் தாய்மார் நின்றுவிடுவார்கள். குடியேற்ற ஆவணங்களைக் கேட்பார்களோ என்ற அச்சம் இருக்கும் இடத்தில், படிவத்தில் தேவைக்கு மேல் ஒரு கேள்வி இருந்தாலும் ஆள் குறையும். தேவாலயக் கூடம், பள்ளி, தெரிந்தவர் வீடு ஆகிய இடங்கள் மருத்துவமனையைவிட நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் 312 பேரிடம் நடந்த முயற்சி, 2002 ஆய்வின் பலனுக்கும் இத்தகைய குடும்பங்களில் கிடைக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டியது. மூன்று தனிச் சந்திப்புகள், 13 குழு வகுப்புகள். ஓராண்டில் குறைந்த எடை சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். 2002 ஆய்வில் ஆய்வுக்காலம் முழுவதற்குமான சராசரி 5.6 கிலோ. ஆனாலும் ஹெச்பிஏ1சி ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாகக் குறைந்தது. இங்கே பணமும் நேரமும் குறைவு, ஆகவே பலனும் சிறிது. அதை மறைப்பதைவிட வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்பதே நியாயம். 2002 ஆய்வின் பாடத்திட்டத்தைத் தழுவிச் சென்னையில் 578 பேரிடம் நடந்த ஆய்வில், தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்த்தபோது, நோய் வருவது 32 சதவீதம் குறைந்தது.

இரண்டாவது ஆறு மாதத்தில்தான் எடை திரும்ப ஏறத் தொடங்கும். எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலை உணவுக்கு முன் குறித்து வருவதும், ஒரு கிலோ ஏறியவுடன் ப்ரோமோதோராவுக்குச் சொல்வதும் அந்தக் கட்டத்துக்கான பழக்கங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, எடை குறைந்தவர்களுக்கும் தொடர வேண்டும்.