யாரும் துக்கம் கேட்காத இழப்பு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று காலை சென்னையில் என்னோடு வேலை பார்ப்பவர் கேட்டார்: "உங்க ஊரு பேராவூரணிப் பக்கம்தானே? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" "ஒண்ணும் இல்லை" என்றேன். உண்மையில் ஊருக்கு லைனே கிடைத்திருக்கவில்லை. சாயங்காலம் பத்து ரூபாய் கூடக் கேட்ட ஆட்டோக்காரரிடம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மனநல ஆலோசனை சொல்கிறவள்தான் நான். எதற்குக் கத்தினேன் என்று புரிய எனக்கே இரண்டு நாள் ஆனது.

அதற்கு மூன்று வாரம் கழித்து, சிங்கப்பூரில் ஷிப்யார்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி பேசினார். ஒரத்தநாட்டுப் பக்கம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயிறு சரியில்லை, தூக்கம் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். ஊரில் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, குடிதண்ணீருக்கு அலைகிறார்கள், ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் காசு கொடுத்து செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுகிறார்கள். அப்பா பேசினால் அரை நிமிடம்தான்: "எல்லாம் போச்சு. நீ வேலையப் பாரு, வையி." இவரோ யாரோ அனுப்பிய வீடியோவை இரவெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் கொட்டகையை வைத்துத்தான் அது தன் தென்னந்தோப்பு என்று கண்டுபிடித்தாராம். மரமெல்லாம் விழுந்து நிழலே இல்லை.

"உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, மரம்தானேன்னு ரூம்ல எல்லாரும் சொல்றாங்க அக்கா. அங்க அவங்க சோத்துக்கே கஷ்டப்படுறாங்க. இங்க ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு நான் அழுதா அசிங்கமா இல்ல?"

இந்த வகை துக்கத்துக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா 1980களில் இதைப் பற்றி எழுதினார்: ஊர் உலகம் அங்கீகரிக்காத துக்கம். ஆனால் தென்னை வளர்க்கிற ஊரில் பிறந்தவர்களுக்குப் பேராசிரியர் தேவையில்லை. கன்றையே 'தென்னம்பிள்ளை' என்று சொல்கிறவர்கள் நாம். நட்டு ஐந்தாறு வருஷம் காத்திருந்தால், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. நெல்லைப் போல ஆள் கூடவே நிற்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். அந்தத் தம்பி சொன்னதை மறக்க முடியவில்லை: "எனக்குப் பதிலா அப்பாகூட நின்னது அதுங்கதான் அக்கா."

நம் ஊரில் துக்கம் கேட்கப் போனால் என்ன செய்வோம்? ஆறுதலா சொல்கிறோம்? எப்போ முடியாமப் போச்சு, கடைசியா என்ன சாப்பிட்டாரு, யாரு பக்கத்துல இருந்தா என்று கேட்போம். ஒவ்வொருவர் வரும்போதும் வீட்டார் அதே கதையைத் திரும்பச் சொல்வார்கள். சொல்லச் சொல்லத்தான் நெஞ்சு இறங்கும். தூரத்தில் இருப்பவருக்கு அந்தத் திண்ணை கிடைப்பதில்லை. அதனால் நானே கேட்டேன். எந்த வருஷம் வைத்தது, யார் குழி எடுத்தது, எந்த மரத்து இளநீர் ருசி? நாற்பது நிமிடம் பேசினார். பாதி நேரம் அழுகை.

பிறகு அவர் அதையே அப்பாவிடம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் "பணம் வந்துச்சா" என்று கேட்பதற்கு முன்னால் "அன்னிக்கு ராத்திரி எப்படிப்பா இருந்துச்சு" என்று கேட்டார். முதல் இரண்டு வாரம் அப்பா போனை வைத்துவிட்டார். மூன்றாவது வாரம் பேசினார்.

வீடியோ பார்ப்பதை முழுதாக நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும்முன் கூடாது என்றேன். இன்னொன்று, குற்ற உணர்ச்சியில் வட்டிக்கு வாங்கிப் பணம் அனுப்புவது. அந்த வாரத்தில் என்னிடம் பேசிய பலர் அதைத்தான் செய்திருந்தார்கள். என்ன தேவை என்று வீட்டில் கேட்காமலே அனுப்புவார்கள். விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு அறிவித்தபோது, பட்டா, சிட்டா தேட அங்கே நெட் இல்லை. சிங்கப்பூரில் இருந்தபடியே இணையத்தில் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பினார் தம்பி. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாராம்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. மரம் போன வேதனையில் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அப்போது வந்தன. "இனி நான் இருந்து என்ன" என்று அப்பா சொன்னால் அதை வெறும் புலம்பலாக விடாதீர்கள். பக்கத்து வீட்டில் ஒருவரை உடனே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) இரண்டிலும் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மார்ச்சில் அந்தத் தம்பி ஊருக்குப் போனார். மறுநாள் ஒரு செய்தி வந்தது: "விழுந்த மரத்து மேலதான் அப்பாவும் நானும் உக்காந்திருக்கோம் அக்கா. செம வெயில்."