சர்க்கரை சேர்க்காத இனிப்பிலும் சர்க்கரை உண்டு

கடந்த மாதம் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்த ஐம்பத்திரண்டு வயது ஆசிரியர் ஒருவர், பையிலிருந்து எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் திறந்து வைத்தார். பேரீச்சம்பழமும் முந்திரியும் அரைத்துப் பிடித்து, தேங்காய்த் துருவலில் புரட்டிய உருண்டைகள் அதில் இருந்தன. அடுப்பில் ஏற்றாத, பால்கூடச் சேராத உணவுக்கு மாறி நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், இனிச் சர்க்கரை மாத்திரை தேவையில்லை என்று தாமே முடிவு செய்து நிறுத்திவிட்டதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். அவருடைய இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.2இலிருந்து 9.6க்கு ஏறியிருந்தது. இதே கதையோடு இந்த ஆண்டில் என்னிடம் வந்த ஐந்தாவது மனிதர் அவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சமைக்காத உணவுக்கு நான் எதிரியல்ல. நெடுங்காலம் அதை ஒரு பத்தியமாக மட்டுமே நினைத்திருந்தேன். ருசிக்காக யாரேனும் உண்பார்கள் என்று எண்ணியதில்லை. ஊறவைத்த பாசிப்பருப்பில் பிஞ்சு வெள்ளரியை நறுக்கிப் போட்டு, தேங்காயும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசறிய கோசும்பரியைத் தாளிக்காமல் ஒரு கோடை முழுவதும் காலை உணவாக உண்ட பிறகுதான், பருப்பின் மென்மையும் வெள்ளரியின் நறுக்கென்ற கடியும் எனக்குப் புலப்பட்டன. நம் தட்டில் காய்களும் பழங்களும் எவ்வளவு குறைவு என்பதை நாள்தோறும் பார்ப்பவள் என்ற முறையில், ஒரு வேளை இப்படி உண்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் ‘இயற்கை இனிப்பு, ஆகவே சர்க்கரை ஏறாது’ என்ற நம்பிக்கையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உலர்ந்த பேரீச்சம்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 65 கிராம் சர்க்கரையே. உருண்டை ஒன்றுக்கு மூன்று பழம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 25 கிராம் பழத்தில் 16 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி, உள்ளே போகிறது. அந்த ஆசிரியர் நாளுக்கு நான்கு உருண்டை உண்டார். பதினாறு தேக்கரண்டிச் சர்க்கரையை யாரேனும் தட்டில் கொட்டிக் கொடுத்திருந்தால் அவர் பதறியிருப்பார். பழத்தின் நார்ச்சத்தும் முந்திரியின் கொழுப்பும் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்குமே தவிர, அதன் அளவைக் குறைக்கமாட்டா. அடுப்பில் ஏற்றாததால் சர்க்கரை காணாமல் போய்விடுவதும் இல்லை. தேனும் வெல்லமும் இதில் விலக்கல்ல. வெல்லம் காய்ச்சி எடுத்தது, அவல் வறுத்து இடித்தது, கடையில் வாங்கும் முந்திரியும் ஓட்டை உடைக்குமுன் அவித்தோ வறுத்தோ எடுத்தது என்பதால், ‘நெருப்பே படாத இனிப்பு’ என்ற பெருமையும் பெரும்பாலும் நிலைக்காது.

அவர் காலில் மதமதப்பு இருப்பதாகவும் சொன்னார். சர்க்கரை நோயால் என்றே எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு, தாவர உணவில் நம்பத்தகுந்த பி12 கிடையாது, ஆகவே இரண்டும் சேரும்போது நரம்புகள் பாதிக்கப்படலாம். சுருள்பாசியை (ஸ்பைருலினா) நம்ப வேண்டாம். அதிலிருக்கும் பி12இல் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். 2005இல் ஜெர்மனியில் நெடுநாள் சமைக்காத உணவு உண்ட 201 பேரை ஆராய்ந்தபோது, கெட்ட கொழுப்பு நல்ல அளவில் இருந்தது, ஆனால் 38 விழுக்காட்டினருக்கு பி12 பற்றாக்குறை இருந்தது. நன்மை, குறை இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

முளைகட்டிய பயறு மூன்று நாள் ஈரத்துணியில் இருக்கும்போது கிருமிகளும் அதே ஈரத்தில் வளர்கின்றன. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியே பரவிய ஈ.கோலை கிருமித் தொற்று 50க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு முளைப்பயறை ஆவியில் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாக உண்ணாதீர்கள். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தொடவே வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் இளநீர், பேரீச்சை, பச்சைக் காய்ச்சாறு ஆகியவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, ஏனெனில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். யாராக இருந்தாலும், மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

அவருக்கு மருத்துவர் மாத்திரையை மீண்டும் தொடங்கி, பி12 ஊசியும் எழுதிக் கொடுத்தார். காலை ஒரு வேளை சமைக்காத உணவைத் தொடரலாம் என்றும், உருண்டையை நிறுத்துங்கள் என்றும் நான் சொன்னபோது, இனிப்பே கூடாதா என்று அவர் குரல் தாழ்ந்தது. கூடும். இளம் நுங்கு மூன்றைத் தோலுரித்துச் சிறு துண்டுகளாக்கி, கெட்டியான தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி, ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துக் கலந்து, ஏலக்காயைத் தட்டிப் போட்டால் இரண்டு பேருக்கு ஆகும். நுங்கின் நீரும் தேங்காய்ப்பாலும் கலந்து நாக்கில் வழுக்கும்போது, இனிப்பு குறைவு என்ற எண்ணமே வருவதில்லை. நுங்கு கிடைக்காத மாதங்களில் இளநீர் வழுக்கையை வைத்துச் செய்யலாம், பேரீச்சம்பழம் மட்டும் அதே ஒன்றுதான்.