அரக்கில் எழுதிய பாட்டு

போன மழைக்காலத்தில் ஒரு பாவம் செய்தேன். யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், பன்சொடான் தெருவில் பழைய புத்தகங்களுக்கு நடுவே கிடந்த ஒன்பது இசைத்தட்டுகளைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். ஐந்து வினைல், அதாவது பிளாஸ்டிக் தட்டுகள்; மற்ற நான்கும் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய ‘78 சுற்றுத் தட்டுகள்’. ஜாஸ் இருந்தது, ஆங்கில நடனப் பாட்டு இருந்தது, ஆர்கெஸ்ட்ரா இருந்தது, எப்படியோ நடுவில் ஒரு தமிழ்ப் படப்பாட்டும் இருந்தது. எல்லாவற்றிலும் விபூதி பூசியது போலப் பூஞ்சை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வினைலைத் துடைத்தேன், பளிச்சென்று ஆயிற்று. அதே பஞ்சை 78 சுற்றுத் தட்டின் மேல் வைத்தேன். மூன்றாவது தேய்ப்பில் பஞ்சு கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. துடைத்த இடம் மட்டும் பழைய சிலேட்டு மாதிரி மங்கிக் கிடந்தது.

கீழ்வீட்டு மாமா தேக்கு மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போட்டே வயதானவர். தட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத்தானே தம்பி நான் பாலிஷே போடுறேன்? நீ பாட்டை எடுத்துப் பாலிஷ் ஆக்கிட்டியே!”

அவர் சொன்னது அப்படியே உண்மை. 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டிப் பிடித்திருப்பது அரக்குதான். பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய மாளிகை எந்தப் பொருளோ, அதே பொருள். கடுகைவிடச் சிறிய ஒரு பூச்சி மரக்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடித்து, தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசின் அது. பர்மாவில் ஷான் மலைப்பக்கம் இன்றும் கிடைக்கிறது. கிளையிலிருந்து சுரண்டி, உருக்கி, வடிகட்டி, தகடாக இழுத்தால் அரக்கு. சூடுபட்டால் இளகும், ஆறினால் கல் போல இறுகும், அச்சில் அழுத்தினால் மயிரிழைக் கோட்டைக்கூட விடாமல் வாங்கிக்கொள்ளும். பாட்டை அச்சடிக்க வேறென்ன வேண்டும்?

ஆனால் தட்டு முழுக்க அரக்கு இல்லை. பாதிக்கு மேல் கல்தூள்தான், அதோடு கொஞ்சம் பஞ்சிழை, கருமைக்குப் புகைக்கரி. கல்தூள் விலையைக் குறைக்க மட்டும் போட்டதல்ல. அந்தக் காலத்து இரும்பு ஊசி தட்டின் மேல் பெரும் பாரத்தோடு உட்காரும். தட்டில் உள்ள கல்தூள் முதல் சில சுற்றுகளிலேயே ஊசிமுனையைச் சாணை பிடித்து, பள்ளத்தின் வடிவத்துக்கே தேய்த்துவிடும். அதனால்தான் ஒரு பக்கம் ஓடியதும் ஊசியை மாற்றச் சொன்னார்கள். பழைய தட்டில் கேட்கும் ‘கரகர’ சத்தத்தை ‘அந்தக் காலத்து வாசனை’ என்று சிலர் உருகுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பாதி சத்தம் தூசியும் தேய்மானமும், மீதி அந்தக் கல்தூள்.

சரி, பள்ளத்துக்குள் பாட்டு எப்படி இருக்கிறது? தட்டில் விளிம்பிலிருந்து உள்ளே போகும் ஒரே ஒரு பள்ளம்தான், கொசுவர்த்திச் சுருள் மாதிரி. அது நேராகப் போகாமல் இடமும் வலமும் நெளிந்துகொண்டே போகும். அந்த நெளிவுதான் பாட்டு. நெளிவு நெருக்கமாக இருந்தால் கீச்சுக்குரல், அகலமாக இருந்தால் சத்தம் அதிகம். வினைலில் நடுத்தர சுரம் ஒன்றை, நொடிக்கு 1,000 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம், சாதாரண அளவில் பதிந்தால் பள்ளம் பக்கவாட்டில் நகர்வது சுமார் 8 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு போல. அதே வேகத்தில் ஊசியை ஆட்டும் அடிக்குரல் ஒன்று, நொடிக்கு 50 அதிர்வு என்றால், நெளிவு 160 மைக்ரானாகிவிடும். அடுத்த சுற்றின் பள்ளமோ 100 மைக்ரான் தள்ளித்தான் இருக்கிறது! அடிக்குரல் தந்தி வாத்தியமான டபுள் பேஸை ஒருவர் ஓங்கி ஒரு தடவை மீட்டினால் பள்ளம் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிடும்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பதியும்போது அடிக்குரலை வேண்டுமென்றே ஒடுக்கி, கீச்சுக்குரலைத் தூக்கிப் பதிகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கி, அடிக்குரலைத் தூக்கி, கீச்சுக்குரலை அமுக்குகிறது. அமுக்கும்போது தூசிச் சத்தமும் சேர்ந்து அமுங்குவது கூடுதல் லாபம். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த கம்பெனிகள் 1954-க்குப் பிறகுதான் ஒரே அளவுக்கு வந்தன. ஆம்ப்ளிஃபயரில் இந்தத் திருத்தம் செய்யும் ‘ஃபோனோ’ துளையில் செருகாமல் மற்ற துளையில் செருகினால் எந்தத் தட்டும் தகரடப்பா மாதிரிதான் கேட்கும். தட்டு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

1925-க்கு முன் பதிந்த ஜாஸ் தட்டு கையில் கிடைத்தால் கவனித்துக் கேளுங்கள். மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன் எல்லோரும் நின்று வாசிக்க, குரலின் பலத்திலேயே ஊசி மெழுகாலான மூலத்தட்டைக் கீற வேண்டும். டிரம்ஸை முழுசாக அடித்தால் ஊசி துள்ளும், அதனால் மரக்கட்டையைத் தட்டி ஒப்பேற்றினார்கள். டபுள் பேஸ் எடுபடாது, அதன் இடத்தில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதினார்கள். வயலினுக்கே கூம்பு மாட்டியும் வாசித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஜாஸ் அப்படித்தான் ஒலித்தது என்று நாம் நினைப்பதில் பாதி, கூம்புக்காகச் செய்த சமரசம். பத்து அங்குலத் தட்டு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். பாட்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அரக்கின் காலம் முடிந்ததில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. இந்தியா, பர்மா, சியாம் என்று அரக்கு வரும் கடல்வழி முழுக்கப் போர்க்களம். கிடைத்த அரக்கும் ராணுவ வேலைக்குப் போயிற்று. அமெரிக்காவில் புதுத் தட்டு வேண்டுமென்றால் பழைய தட்டைக் கொடுங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. வெளிநாட்டில் இருந்த தங்கள் சிப்பாய்களுக்கு ஜாஸும் நடனப் பாட்டும் அனுப்ப, கப்பலில் உடையாத வினைலை அமெரிக்க ராணுவம் கையிலெடுத்தது. போர் முடிந்து 1948-இல் 33⅓ சுற்று வினைல் கடைக்கு வந்தது. கல்தூள் இல்லாத வழுவழுப்பான பிளாஸ்டிக் என்பதால் பள்ளத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறுக்க முடிந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டை மாற்றிக் கேட்ட சிம்பொனி அப்புறம்தான் மூச்சுவிட்டது.

ஸ்டீரியோ வந்தபோது பள்ளத்தின் இரண்டு சரிவுகளும் ஆளுக்கொரு காதை எடுத்துக்கொண்டன. அவ்வளவுதான் விஷயம்.

ஆர்கெஸ்ட்ரா தட்டில் மட்டும் ஒரு வினை மிச்சமிருக்கிறது. தட்டு சுற்றும் வேகம் மாறாது, ஆனால் உள்ளே போகப் போக வட்டம் சிறிதாகிறது. விளிம்பில் நொடிக்கு அரை மீட்டர் பள்ளத்தைத் தாண்டும் ஊசி, லேபிள் பக்கத்தில் 20 சென்டிமீட்டர்தான் தாண்டும். அதே சுரம் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி உட்கார வேண்டும். சிம்பொனியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து முழங்குவது பெரும்பாலும் கடைசியில். இடம் குறையும் நேரத்தில் கூட்டம் கூடுகிறது. அதனால்தான் பழைய ஆர்கெஸ்ட்ரா தட்டு வாங்கும்போது நான் முதலில் உள்சுற்றில் ஊசியை வைத்துக் கேட்பேன். அங்கே கிழியாமல் ஒலித்தால் தட்டு நல்ல கையில் வளர்ந்தது.

இன்னொன்று: 78 சுற்றுத் தட்டுக்கு அதற்கென்று உள்ள தடித்த ஊசி வேண்டும். வினைல் ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் உருண்டு குப்பையைத்தான் படிக்கும்.

பூஞ்சை விஷயத்துக்கு வருகிறேன். அது வினைலைத் தின்பதில்லை. நம் விரல் எண்ணெயையும், தூசியையும், அட்டை உறையின் பசையையும் தின்கிறது. இங்கே மே முதல் அக்டோபர் வரை காற்றே ஈரத்துணி, அதற்கு அது போதும். மழை நின்று காற்று உலர்ந்தால் வேறு தொல்லை. தட்டைத் துணியால் துடைத்தாலே மின்னேற்றம் கூடி, அறையின் தூசியெல்லாம் ஓடி வந்து ஒட்டும். இப்போது நான் இரண்டுக்கும் ஒரே வழிதான் வைத்திருக்கிறேன்: காய்ச்சி வடித்த நீரில் ஒரே சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பள்ளம் ஓடும் திசையில் மெல்லிய துணி, லேபிளில் நீர் படாமல். ஸ்பிரிட் புட்டியைக் கீழ்வீட்டு மாமாவிடமே கொடுத்துவிட்டேன்.

கெட்டுப்போன தட்டை அவர் விடவில்லை. போன வாரம் மின்சாரம் போன இரவில், அவர் வீட்டு சாவி கொடுக்கும் கிராமபோனில் வைத்துப் பார்த்தோம். அதற்கு மின்சாரமே வேண்டாமே. கிளாரினெட் நன்றாகத்தான் வந்தது. நான் துடைத்த இடம் வரும்போதெல்லாம், சுற்றுக்கு ஒருமுறை, ‘ஷ்’ என்று ஒரு மூச்சு. மாமா அதற்கும் தலையாட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.