லிம்னாலஜி: ஏரியியலா, நன்னீரியலா?

ஏரி, குளம், ஆறு, சதுப்பு நிலம் ஆகியவற்றின் நீரையும் அதில் வாழும் உயிர்களையும் ஆராயும் பல்கலைக்கழகத் துறைக்கு லிம்னாலஜி என்று பெயர். கிரேக்க மொழியில் லிம்னே என்பது ஏரி, குளம், சதுப்பு எனத் தேங்கி நிற்கும் நீரைக் குறிக்கும். லோகோஸ் என்பதிலிருந்து வந்த பின்னொட்டுக்கு நாம் 'இயல்' என்கிறோம். வேர்ச்சொல்லை மட்டும் பார்த்தால் ஏரியியல் என்பதே அதன் நேர்த்தமிழ்.

இச்சொல்லை அறிவியல் வழக்கில் நிலைநிறுத்தியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரான்சுவா அல்போன்ஸ் ஃபோரெல் (1841–1912). லோசான் நகரில் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் கற்பித்த இவர், லெமான் எனப்படும் ஜெனீவா ஏரியின் கரையில் பிறந்தவர். ஏறத்தாழ 310 மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரியின் வெப்பநிலை, நீரின் நிறம், கரைக்குக் கரை நீர்மட்டம் ஏறியிறங்கும் ஊசலாட்டம், ஆழத்து உயிர்கள் என ஒவ்வொன்றையும் நேரில் அளந்து, 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஒரே ஏரிக்கு வாழ்நாளைத் தந்த அந்த உழைப்பு வியக்கத்தக்கது. தம் துறையை அவர் 'ஏரிகளின் கடலியல்' என்றே விளக்கினார். அவர் கையில் அது ஏரியியலாகவே இருந்தது.

அடுத்த தலைமுறையில் பொருள் விரிந்தது. 1922-இல் ஜெர்மனியின் ஆகஸ்ட் தீனமானும் சுவீடனின் எய்னார் நௌமானும் கீல் நகரில் இத்துறைக்கெனப் பன்னாட்டுச் சங்கம் நிறுவினர். தீனமான் பின்னர்த் தொடங்கிய நூல்வரிசைக்கு ஜெர்மன் மொழியில் 'உள்நாட்டு நீர்நிலைகள்' என்று பொருள்படும் பெயரையே இட்டார். ஓடும் ஆறும் ஓடையும் அதற்குள் அடங்கும்.

எனவே ஏரியியல் என்ற சொல் இன்றைய துறைக்குக் குறுகியது. மாற்றாக வழங்கும் நன்னீரியல் ஆற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரி போன்ற உவர்நீர் ஏரிகளையும் இத்துறையினரே ஆராய்கின்றனர் என்பதால் அதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை.

இத்துறையின் ஆய்வு நீரோடு நிற்காமல் கரையைத் தாண்டிச் சுற்றியுள்ள நிலத்துக்கும் விரிந்தது. அதற்கு வலுவான காரணம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973-இல் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றுடன் பாஸ்பரசும் இட்டனர். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டுமே பாசி மண்டிப் பச்சையாயிற்று. ஏரிகளுக்குப் பாஸ்பரஸ் பெரும்பாலும் உரமிட்ட வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வந்து சேர்வதால், மழைநீர் வழிந்து ஏரியை அடையும் நிலப்பரப்பு முழுவதையும் ஆராயாமல் ஏரியின் நலத்தைக் கூற முடியாது.

அந்த நிலப்பரப்பை அமெரிக்க ஆய்வாளர்கள் வாட்டர்ஷெட் என்பர். இதிலுள்ள 'ஷெட்' கொட்டகையைக் குறிப்பதன்று. 'பிரித்தல்' என்னும் பழைய பொருளுடையது. பிரிட்டிஷ் வழக்கில் அது இரு பக்கமும் நீரைப் பிரித்துவிடும் மேட்டு எல்லையையே குறிக்கும். ஆகவே மொழிபெயர்ப்பவர் இடமறிந்து, பரப்பைக் குறித்தால் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும், எல்லையைக் குறித்தால் நீர்ப்பிரிமேடு என்றும் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் ஆய்வின் பொருளே தலைகீழாகிவிடும்.

லிம்னாலஜிக்கு என் தேர்வு நீர்நிலையியல். நீர்நிலை என்றால் ஏரி, குளம், ஆறு, சதுப்பு அனைத்தும் நம் மனத்தில் எழும், கடல் எழுவதில்லை, நீர் நன்னீரா உவர்நீரா என்ற வரம்பும் அச்சொல்லில் இல்லை. ஏரியின் ஆழம், வெப்ப அடுக்குகள் போன்றவற்றை மட்டும் பேசும் கட்டுரையில் ஏரியியல் என்பதைத் தயங்காமல் ஆளலாம். பல்கலைக்கழகத் துறைக்கோ ஆய்வு மையத்துக்கோ பெயரிடும்போது நீர்நிலையியல் என்பதே தகும்.